வேலா செயற்கைக்கோள்களும் ஆறு வருட ரகசியமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காமாக் கதிர் வெடிப்பு (விண்வெளியிலிருந்து திடீரென்று பாய்ந்து சட்டென்று அடங்கும் காமாக் கதிர்) பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1967இல் அமெரிக்காவின் வேலா செயற்கைக்கோள்கள் அதைக் கண்டதை 1973 வரை ராணுவம் மறைத்திருக்கிறது. இன்னும் எதையெல்லாம் மறைக்கிறார்களோ? நீங்கள் ஏன் இதை எழுதுவதில்லை? அப்படியொரு வெடிப்பு அருகில் நடந்தால் பூமி என்னாகும்? சங்கப் பாடல்களில் இதற்குக் குறிப்பு உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். குறிப்பு இல்லை. காமாக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, காற்று மண்டலத்தைத் தாண்டித் தரைக்கும் வராது. புலவர்களை விட்டுவிடுங்கள். பூமியின் அழிவுக்குக் கவலைப்பட இதைவிடப் பக்கத்திலேயே காரணங்கள் இருக்கின்றன.

உங்கள் முதல் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். யாரும் கேட்காத கணக்கை ஒழுங்காக எழுதி வைப்பவர்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். என் சித்தப்பா தாலுகா ஆபீசில் மழைமானி பார்ப்பவர். காலை எட்டரை மணிக்கு அளந்து நோட்டில் குறிக்க வேண்டும். சித்திரை வெயிலிலும் எழுந்து போய், மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பூஜ்யம் போடுவார். சித்தி சிரிப்பார். “பாக்காமப் போட்டா அது பூஜ்யமில்ல, பொய்” என்பார் இவர். அந்த நோட்டுகளை யாராவது பிரித்துப் பார்த்தார்களா என்று தெரியவில்லை.

வேலாவின் நோட்டுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். விண்வெளியில் அணுகுண்டு சோதனை கூடாது என்ற 1963 ஒப்பந்தத்தை மீறி சோவியத் ரஷ்யா அங்கே அணுகுண்டு வெடிக்கிறதா என்று கண்காணிக்கத்தான் அந்தச் செயற்கைக்கோள்களை ஏவினார்கள். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ரே கிளீப்சடல், ராய் ஓல்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1969இல் பழைய பதிவுகளை ஒப்பிட்டபோது, 1967 ஜூலை 2 அன்று வந்த ஒரு துடிப்பு அகப்பட்டது. அணுகுண்டின் காமாத் துடிப்பு அந்த வடிவத்தில் இருக்காது. சரி, எங்கிருந்து வந்தது?

அதைச் சொல்ல முடியாததுதான் சிக்கல், நண்பரே. அந்த உணர்கருவி கதிர் வந்தது என்று சொல்லும், எந்தத் திசை என்று சொல்லாது. திசை வேண்டுமென்றால் தொலைவில் இருக்கும் இரண்டு செயற்கைக்கோள்களில் எதற்கு முதலில் வந்தது, எவ்வளவு முந்தி வந்தது என்று பார்க்க வேண்டும். வேலா பூமியிலிருந்து ஏறக்குறைய 1,20,000 கிலோமீட்டர் தூரத்தில் சுற்றியது. எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும் இரண்டுக்கும் நடுவே ஒளி கடக்க ஒரு விநாடிகூட ஆகாது. அந்த ஒரு விநாடிக்குள் துண்டு போட்டு அளக்கும் துல்லியம் முந்தைய வேலாக்களிடம் இல்லை. 1969, 1970இல் போன வேலா 5, 6இல் இருந்தது: விநாடியில் 64இல் ஒரு பங்கு. அப்புறம் 3 வருடத்தில் 16 வெடிப்புகள் சேர்ந்தன. பூமியுமில்லை, சூரியனுமில்லை என்று உறுதியான பிறகு, இயன் ஸ்ட்ராங்கையும் சேர்த்து மூவர் பெயரில் 1973 ஜூனில் கட்டுரை வந்தது. அது ரகசியமாக வைக்கப்படவே இல்லை என்று கிளீப்சடலே பின்னாளில் எழுதியிருக்கிறார். அளக்க எடுத்துக்கொண்ட காலத்தை மறைத்த காலம் என்று எழுதுகிறீர்களே, உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?

அதற்குப் பிறகும் தூரம் தெரியவில்லை. நம் பால்வெளிக்குள்ளா, வெளியிலா? நூற்றுக்கு மேல் கொள்கைகள் வந்தன. 1991இல் போன காம்ப்டன் விண்வெளி ஆய்வகத்தின் பாட்சே கருவி 2,704 வெடிப்புகளைப் பதிவு செய்தது. வானம் முழுக்கச் சமமாகப் பரவியிருந்தன; பால்வெளிக்குள் என்றால் அதன் பட்டையை ஒட்டிக் குவிந்திருக்க வேண்டும். அப்போதும் சண்டை ஓயவில்லை. 1997 பிப்ரவரி 28 அன்று இத்தாலி-டச்சு செயற்கைக்கோளான பெப்போசாக்ஸ் சில மணி நேரத்துக்குள் திரும்பிப் பார்த்து, வெடிப்பு விட்டுச் சென்ற எக்ஸ் கதிர் மிச்சத்தைப் பிடித்தது. அதே வருடம் மே மாத வெடிப்பில்தான் முதன்முதலாகத் தூரம் கிடைத்தது. பல நூறு கோடி ஒளியாண்டுகள். 30 வருடம்! இதையும் ராணுவம் மறைத்ததா?

2004இல் போன ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் இப்படித் திரும்பிப் பார்க்கும் வேலையை ஒன்றிரண்டு நிமிடத்தில் செய்கிறது. மேலே ஆயிரக்கணக்கான ஈயச் சில்லுகள் பதித்த தட்டு, கீழே உணர்கருவி. சில்லுகளின் நிழல் விழும் விதத்தை வைத்துத் திசையைக் கணக்கிட்டு, தானே திரும்பிக்கொள்ளும்.

கோபப்பட்டதாக நினைக்காதீர்கள். ஆர்வம் இருப்பதால்தான் எழுதினீர்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த 1973 கட்டுரை 4 பக்கம்தான், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஃபெர்மி விண்தொலைநோக்கி பதிவு செய்த வெடிப்புகளின் பட்டியலையும் நாசா எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டு அடுத்த கடிதம் எழுதுங்கள். சதி வேண்டாம், சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.