ஆறு மாத மருந்தை இப்போதே வாங்கி வைக்கலாமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் வசிக்கிறோம். என் தாயாருக்கு இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் உண்டு. இன்சுலின், மெட்ஃபார்மின், அம்லோடிபின் ஆகியவற்றை அரசாங்க கிளினிக்கில் மாதந்தோறும் பெற்று வருகிறோம். கப்பல் போக்குவரத்து தடைபட்டால் மருந்து கிடைக்காது என்று பலரும் சொல்கிறார்கள். தனியார் மருந்தகத்தில் ஆறு மாதத்திற்கு வாங்கி வைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். இரண்டு வாரக் கையிருப்பு போதும்.

உங்கள் அச்சம் அடிப்படையற்றதன்று. மலேசியாவில் மாத்திரை தயாரிக்கும் ஆலைகள் பல இருந்தாலும், அவற்றுக்கு வேண்டிய மூலப்பொருளில் பெரும்பகுதி சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும்தான் வருகிறது. 2020 மார்ச்சில் பாராசிட்டமால் உட்பட 26 மூலப்பொருள்கள், மருந்துகளின் ஏற்றுமதிக்கு இந்தியா கட்டுப்பாடு விதித்தது. ஆயினும் 2022-இன் நடுப்பகுதியில் இங்குள்ள தனியார் கிளினிக்குகளிலும் மருந்தகங்களிலும் காய்ச்சல், இருமல் மருந்துகளுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டில், தேவை திடீரென்று பெருகியதற்கும் பெரும் பங்கு இருந்தது. ஒவ்வொரு குடும்பமும் ஆறு மாத மருந்தை வாங்கிக் குவித்தால், கப்பல் நிற்பதற்கு முன்பே மருந்தகத்தின் அலமாரி காலியாகிவிடும்.

அரசாங்கத்தின் ஏற்பாடு பல அடுக்குகள் கொண்டது. சுகாதார அமைச்சு மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. ஒரு மருத்துவமனையில் குறைந்தால் இன்னொன்றிலிருந்து மாற்றித் தர முடிகிறது. உயிருக்கு ஆபத்தான நோய்க்கு, பதிவு பெறாத மருந்தையும் சிறப்பு அனுமதியின் பேரில் இறக்குமதி செய்ய 1984-ஆம் ஆண்டு விதிமுறைகள் இடமளிக்கின்றன. ஜொகூரில் இன்சுலின் தயாரிக்கும் ஆலையே இருக்கிறது.

நோயாளிகள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு: இத்திட்டங்கள் காப்பது மருந்தின் மூலக்கூறையே (அதாவது மெட்ஃபார்மின் போன்ற மருந்துப் பொருளையே) தவிர, வணிகப் பெயரை அன்று. ஆகவே நெருக்கடிக் காலத்தில் பெட்டியின் நிறமும் மாத்திரையின் வடிவமும் மாறக்கூடும். அப்போது, ‘இது அம்மாவின் மருந்து இல்லை’ என்று திருப்பிக் கொடுக்காமல், மூலக்கூறின் பெயரும் மில்லிகிராம் அளவும் பழையதோடு ஒத்திருக்கின்றனவா என்று மருந்தாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய பெட்டியையும் புதியதையும் சேர்த்து உட்கொண்டு, ஒரே மருந்தை இருமடங்காக எடுத்துவிடும் ஆபத்தும் உண்டு. உங்கள் தாயாரின் மருந்துகளில் இன்சுலின் மட்டும் விதிவிலக்கு: வகை மாறினால் மருத்துவரின் ஆலோசனை வேண்டும், ஒரு நிறுவனத்தின் குப்பி இன்னொரு நிறுவனத்தின் ஊசிப் பேனாவில் பொருந்தாமலும் போகலாம்.

இன்சுலினைக் குவித்து வைப்பதில் இன்னொரு சிக்கலும் உள்ளது. திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் பயன்படாது. திறந்தபின் பெரும்பாலான வகைகள் நான்கு வாரங்களே தாங்கும். நம் ஊர் வெயிலில் ஒரு நீண்ட மின்தடை ஆறு மாதச் சேமிப்பையும் வீணாக்கிவிடக்கூடும்.

மாத்திரைகளை மருத்துவர் குறித்த தேதியில் தவறாமல் பெறுங்கள். வெளியூர் போவதாக இருந்தால், அங்குள்ள அரசாங்க கிளினிக்கிலேயே மீதி மருந்தைப் பெற ‘எஸ்பியுபி’ ஏற்பாட்டை மருந்தாளரிடம் முன்கூட்டியே பதிவு செய்யலாம். கூடுதல் இரண்டு வாரத்திற்குத் தனியாரிடம் வாங்குவதானால் மருத்துவரின் சீட்டோடு செல்லுங்கள். 2025 மே 1 முதல் மருந்து விலையைக் காட்சிக்கு வைப்பது கட்டாயம் என்பதால், ஒப்பிட்டு வாங்கலாம். மலேசியாவில் பதிவு பெற்ற மருந்துக்குரிய ‘எம்ஏஎல்’ எண் இல்லாத பெட்டியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், இணையத்தில் வாங்காதீர்கள். சேமிக்கும் எண்ணத்தில் தாயாரின் மாத்திரையை நீங்களாகவே பாதியாகக் குறைக்கவும் வேண்டாம்.