யாளியும் டிராகனும் டைனோசரும்

கேள்வி: சீனர்களும் ஐரோப்பியரும் டிராகன் கதைகளைச் சொல்கிறார்கள், நம் மயிலாப்பூர்க் கோயில் தூண்களிலும் யாளி நிற்கிறது. பண்டைய மனிதர்கள் டைனோசர்களை நேரில் பார்த்திருப்பார்களோ? அதை வரலாற்றாசிரியர்கள் மறைக்கிறார்களா?
- வாசகி, மயிலாப்பூர், சென்னை

பதில்: நேரில் பார்த்திருக்க வழியில்லை. பறவைகளாக இன்றும் வாழும் கிளையைத் தவிர, மற்ற டைனோசர்கள் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. நம் மனித இனத்தின் வயதோ சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான். ஆனால், உயிருள்ள விலங்கைப் பார்க்காதவர்கள் அதன் எலும்பைப் பார்த்திருக்கலாம் என்பதால், உங்கள் கேள்வியின் முதல் பாதியை ஒதுக்கிவிட முடியாது.

ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகரில் 16ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட டிராகன் சிலையின் தலைக்கு, அவ்வூருக்கருகே கிடைத்த ஒரு மண்டையோடே மாதிரியாக இருந்ததாகச் சொல்வார்கள். அது பனியுகத்துக் கம்பளிக் காண்டாமிருகத்தினுடையது என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது. சீன மருந்துக் கடைகளில் 'டிராகன் எலும்பு' என்று விற்கப்பட்டவற்றிலும் பழங்காலப் பாலூட்டிகளின் புதைபடிவங்களே மிகுதி. எலும்பு மெய்யானது; ஆனால் டைனோசருடையது அன்று.

இவ்வளவு தொலைவு போகாமல், விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்கு ஒருமுறை போய்வாருங்கள். மரத்தின் இழையோட்டம் அப்படியே தெரிய, முழுக்கக் கல்லாகிவிட்ட அடிமரங்கள் அங்கே செம்மண்ணில் கிடக்கின்றன. திருமால் வதைத்த வக்கிராசுரனின் எலும்புகள் அவை என்பது ஊராரின் நம்பிக்கை. புதைபடிவத்திலிருந்து புராணம் பிறக்கும் விதத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடத்தை நான் அறியேன். சிங்க உடலும் யானைத் துதிக்கையுமாக வரும் யாளிக்கோ, டைனோசரைத் தேட வேண்டிய தேவையே இல்லை.

மறைக்கிறார்களா என்கிறீர்கள். ஏற்கப்பட்ட வரலாற்றைக் கேள்வி கேட்பது நல்லதே. உங்கள் நகரத்திலேயே அது நடந்திருக்கிறது. 1863இல் பல்லாவரத்தில் ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த ஒரு கற்கோடரி, இந்தியாவில் பழைய கற்காலம் இருந்ததை நிறுவியது. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தின் கற்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியபோது, நம் மண்ணில் மனித மூதாதையரின் காலக்கணக்கே பின்னோக்கி நகர்ந்தது. அதை யாரும் மறைக்கவில்லை. உலகின் முன்னணி அறிவியல் இதழே வெளியிட்டது. டைனோசரோடு மனிதர் வாழ்ந்தார் என்பதற்கும் அதே தரத்தில் சான்று வேண்டும்: கலையாத ஒரே பாறை அடுக்கில் இருவரின் எலும்புகளும் சேர்ந்து கிடைக்க வேண்டும். அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு உட்பட, டைனோசர் எலும்பு எடுக்கப்பட்ட எந்த இடத்திலும் அப்படி ஒன்று கிடைத்ததில்லை.