பூட்டுக் குறி இருந்தும் பணம் போய்விட்டதே?

வணக்கம் அக்கா. சுங்குடிச் சேலை விற்கும் தளத்தில், முகவரிக்குப் பக்கத்தில் இருந்த பூட்டுக் குறியைப் பார்த்து நம்பி, நேற்று ராத்திரி 1,850 ரூபாய் அனுப்பியதாகவும், இப்போது அவர்கள் போனே எடுப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழி உண்டு. யுபிஐ பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். வங்கிக்கும் சொல்லிவிடுங்கள்.

சரி, பூட்டு விஷயம். உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். அந்தப் பக்கம் இருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லாது. லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் அதற்கான சான்றிதழை இலவசமாகவே தருகின்றன. அந்த இணைய முகவரி, சான்றிதழ் கேட்பவர் கைவசம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள், கடை இருக்கிறதா என்று பார்க்க மாட்டார்கள். பலரும் உங்களைப் போலவே நினைத்ததால்தான் கூகுள் 2023-இல் தன் குரோம் உலாவியில் அந்தப் பூட்டுப் படத்தையே மாற்றியது.

பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று யாராவது கூப்பிட்டால் யுபிஐ பின் நம்பரைப் போட்டுவிடாதீர்கள். பணம் வாங்க அந்த நம்பர் தேவையே இல்லை.

மதுரை மேலமாசி வீதி விலாசம் போட்டிருந்தது என்றீர்களே, கதவு எண் அனுப்புங்கள். நான் அந்தப் பக்கம்தான், நாளைக் காலையில் நேரில் பார்த்துச் சொல்கிறேன்.