செயற்கை நுண்ணறிவு காரணம் சொன்னால் நம்பிவிடலாமா?

சொன்ன காரணத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். சில சமயம் அந்தக் காரணமே குட்டை உடைத்துவிடும்.

2016-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஓநாயையும் அதைப் போலவே இருக்கும் ஹஸ்கி நாயையும் படத்தில் பிரித்தறியும் ஒரு செயற்கை நுண்ணறிவு மாடலுக்கு வேண்டுமென்றே கோணலாகப் பயிற்சி கொடுத்தார்கள்: ஓநாய்ப் படங்களில் எல்லாம் பனி. விடைகளை மட்டும் பார்த்த 27 மாணவர்களில் 10 பேர் அதை நம்பினார்கள். அப்புறம், படத்தின் எந்தப் பகுதியை வைத்து மாடல் முடிவெடுத்தது என்று காட்டினார்கள். முகம் இல்லை, காது இல்லை, பின்னால் கிடந்த பனி! நம்பியவர்கள் 3 பேராகக் குறைந்தார்கள்.

விளக்கம் சொன்னாலே நம்பிக்கை கூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கே நம்பக் கூடாது என்பதும் அதில் தெரிய வேண்டும். செயற்கை நுண்ணறிவால் வங்கிக் கடன் மறுக்கப்பட்டவருக்கு 'கடன் மதிப்பெண் குறைவு' என்ற ஒற்றை வரி போதாது. எது மாறினால் முடிவு மாறும் என்று சொன்னால்தான் அவர் தவறைத் தட்டிக் கேட்க முடியும்.