சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர விரும்புகிறவர்களுக்கு: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சைக்கிள் பட்டறையிலேயே தலை நரைத்தவன் நான். பழகுநர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையும் என்னிடம் இருந்தது. பட்டறை வேலை பற்றி எதையும் கேளுங்கள். கேட்பவர்களை அவரவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன். எந்த சைக்கிள் வாங்கலாம், அமாஷோவா சைக்கிள் பந்தயத்தின் 106 கிலோமீட்டரை எவ்வளவு நேரத்தில் முடிக்கலாம் என்பவை என் துறை அல்ல.

சாட்ஸ்வொர்த்: அண்ணா, மெட்ரிக் முடித்துவிட்டேன். பஞ்சர் ஒட்டத் தெரியும். வேலைக்குச் சேர வேறு என்ன தெரிய வேண்டும்?

பஞ்சர் ஒட்டத் தெரியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், தம்பி. ஒட்டைப் பிறகு போடலாம். ஓட்டை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்தாயா? டயரின் வெளிப்பக்கம் நோக்கி இருந்தால் முள்ளோ கண்ணாடியோ டயரிலேயே இன்னும் குத்திக்கொண்டிருக்கும். நெருஞ்சி முள் முனை ஒடிந்து உள்ளே தங்கிவிடும். எடுக்காமல் புது டியூப் போட்டால் வாடிக்கையாளர் தெருமுனை தாண்டமாட்டார். ரிம் பக்கம் இருந்தால் ரிம் பட்டை விலகியிருக்கிறது. பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டைகள் அருகருகே இருந்தால் முள்ளைத் தேடாதே. காற்றுக் குறைவாக ஓட்டிக் கல்லில் இடித்திருக்கிறார். டயரில் அச்சடித்த பெயரை வால்வுக்கு நேராக வைத்துப் பூட்டுவது அழகுக்காக மட்டும் அல்ல. டியூபில் உள்ள ஓட்டையை டயரில் உள்ள முள்ளோடு பொருத்திப் பார்க்க அதுதான் அடையாளம்.

மற்ற வேலைகளும் இப்படித்தான். கியர் சரியாக விழவில்லை என்று ஒரு சைக்கிள் வந்தால், கற்றுக்குட்டி, செயினைப் பல் விட்டுப் பல் மாற்றும் டெரெய்லரின் எல்லைத் திருகாணிகளைத் திருகத் தொடங்கிவிடுவான். அந்தத் திருகாணிகள் தாமாக நகர்வதில்லை. நேற்று வரை ஒழுங்காக ஓடிய கியர் இன்று ஓடவில்லை என்றால் வேறு ஏதோ மாறியிருக்கிறது. சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்ததா? டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கும்; அளவுமானியை மாட்டிப் பார். அது நேராக இருந்தால் கேபிளை உருவிப் பார். நம் கடற்கரையில் உறைக்குள் துரு பிடிக்காத கேபிள் அபூர்வம். அடுத்தது செயின். பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டிய நீளம் அதற்கு மேல் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடிவிட்டால் செயினை மாற்று. எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால் பின்சக்கரப் பல்சக்கர அடுக்கான கேசட்டும் சேர்ந்து போயிருக்கும். திருகாணி கடைசி.

இவற்றோடு சக்கரக் கோட்டம் எடுக்கப் பழகு. கம்பியின் திருகைக் கால் சுற்று திருப்பு, நிறுத்து, சக்கரத்தைச் சுற்றிப் பார், மறுபடி கால் சுற்று. கோட்டம் வலப்பக்கம் போனால் இடப்பக்கக் கம்பியை இறுக்க வேண்டும் என்பது தெரியும். ஆனால் அது ஏற்கெனவே விறைத்திருந்தால் வலப்பக்கத்தைத் தளர்த்த வேண்டும் என்பதற்குக் கை பழக வேண்டும். தூக்கிப்போட்ட சக்கரம் ஒன்றை எடுத்து, கம்பிகளை எல்லாம் கழற்றி, மறுபடி கட்டு. உன்னைச் சேர்ப்பவர் அதைத்தான் கேட்பார்.

பீனிக்ஸ்: சான்றிதழ் கட்டாயமா?

இல்லை. இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கையைப் பார்ப்பார்கள். சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ தன் டீலர் கையேடுகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அவற்றைப் படியுங்கள்.

பைன்டவுன்: இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் விலை அதிகம். அனுபவம் வந்தால் கையே சொல்லிவிடாதா?

சொல்லாது. ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்தான். கேசட்டின் பூட்டு வளையத்துக்கு 40. இரண்டையும் ஒரே கையால், ஒரே மாலையில், பசியோடு இறுக்கும்போது கை என்ன சொல்லும்? கார்பன் குழாய் வெளியே ஒன்றும் காட்டாமல் உள்ளே விரிசல் விட்டிருக்கும். ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில்தான் தெரியவரும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கார்பனைத் தொடாதீர்கள். இன்னொன்று: உலோகத்தோடு உலோகம் சேரும் இடமெல்லாம் கிரீஸ். கார்பனுக்கு மட்டும் அதற்கென்று விற்கும் பிடிமானப் பசை.

வெருலம்: செயினுக்கு டபிள்யூ.டி.40 அடிக்கலாமா?

சாதாரண நீலக் குப்பி அழுக்கையும் துருவையும் கழற்ற உதவும். அதைத் துடைத்துவிட்டுச் செயின் எண்ணெய் போடுங்கள். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளுக்குப் பக்கத்தில் எந்த ஸ்ப்ரேயும் வேண்டாம்.

லெனேசியா: நானும் பழைய மெக்கானிக்தான். உலோகம் சேரும் இடமெல்லாம் கிரீஸ் என்று பையன்களுக்குச் சொல்கிறீர்கள். பெடலைத் தாங்கும் கிராங்க் ஏறும் சதுர முனை அச்சுக்குமா? கிரீஸ் போட்டால் கிராங்க் அச்சில் ஏறி ஏறிப் பிளந்துவிடும்.

வாருங்கள், ஐயா. ஆம், அதற்கும்தான், மெல்லிய படலமாக. உங்கள் ஊர் கடலைக் காணாமல் 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே உப்புக் காற்று. அலுமினியக் கிராங்கையும் எஃகு அச்சையும் வெறுமனே சேர்த்துவிட்டால் நடுவில் வெள்ளைப் பொடி பூத்து, கழற்றும் கருவி மாட்டும் கிராங்கின் மரைதான் பிய்ந்து வரும். கிராங்க் ஏறுவது கிரீஸால் அல்ல. நீளமான ஸ்பானரில் தொங்கி இறுக்குவதாலும், ஒவ்வொரு சர்வீஸிலும் 'இன்னும் கொஞ்சம்' என்று திருகுவதாலும்.

லெனேசியா: உராய்வு குறைந்தால் ரெஞ்சில் அதே எண்ணுக்குக் கிராங்க் இன்னும் ஆழமாகப் போகும். இது இயற்பியல்.

போகும், மறுக்கவில்லை. ஆனால் வெறும் முனையில் உராய்வு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதம்; பாதி ஏறியே இறுகியதுபோல் காட்டும், பத்தாவது கிலோமீட்டரில் தளரும். எனக்கு அதைவிட ஆழம் மேல்.

டோங்காட்: எங்கள் மாமா கடையில் எப்போதும் கிரீஸ் இல்லாமல்தான். ஒன்றும் ஆனதில்லை.

மாமா போல்ட்டை ஒழுங்காக இறுக்கியிருக்கிறார், பாராட்டுகள். இரண்டு கட்சியிலும் நல்ல மெக்கானிக்குகள் உண்டு. தயாரிப்பாளர்களே ஒரே மாதிரி சொல்வதில்லை. லெனேசியா ஐயாவும் நானும் ஒத்துப்போகிற இடம் ஒன்று உண்டு: தளர்ந்த கிராங்கை ஒரு நாள் ஓட்டினாலும் சதுரத் துளை உருண்டையாகிவிடும். அதற்குப் பிறகு எந்தக் கட்சியாலும் காப்பாற்ற முடியாது. வேலைக்குப் புதிதாகப் போகிறவர் இந்தச் சண்டையில் இறங்க வேண்டாம். ஃபோர்மன் சொல்வதைச் செய்யுங்கள்.

லெனேசியா: என் கருத்தில் மாற்றமில்லை.

என் கருத்திலும் இல்லை. அடுத்தவர்.

ஸ்டேங்கர்: சான்றிதழ் இல்லாமல் வேலை கிடைக்குமா?

பீனிக்ஸ்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: கேஸ்கேட்ஸ் தடத்தில் ஓட்டும் நண்பர்கள் ஹைட்ராலிக் பிரேக்கைச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய் போதுமா?

ஐயோ, வேண்டாம். ஷிமானோ, மகுரா பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஸ்ராம் பிரேக்குகளில் பெரும்பாலானவற்றுக்குக் கார் பிரேக்கில் ஊற்றும் டாட் திரவம். சில புதிய மாடல்களுக்கு மட்டும் மினரல். மாற்றி ஊற்றினால் ரப்பர் சீல் உப்பி முழு பிரேக்கும் குப்பை. பிரேக் பிடியின் மூடியிலேயே எழுதியிருக்கும், படித்துவிட்டு ஊற்றுங்கள். தனித்தனி ஊசி, தனித்தனி குழாய் வைத்துக்கொள்ளுங்கள். டாட் திரவம் பெயின்டைத் தின்னும், கையுறை போடுங்கள். பிரேக் பேட்களை எடுத்து வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ஐசிபிங்கோ: ஸ்கூட்டர் கார்ப்பரேட்டர்...

மோட்டார் மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

சாட்ஸ்வொர்த்தில் ஒரு தாய்: என் மகளுக்கு இதில் ஆர்வம். பெண் பிள்ளையைக் கடையில் சேர்ப்பார்களா? வீட்டில் எப்படிப் பழகுவது?

சேர்ப்பார்கள், அம்மா. முகம் சுளிக்கும் கடைக்காரர் இருந்தால் அந்தக் கடையில் கற்றுக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. யாராவது தூக்கிப்போடும் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். துருப்பிடித்ததாக இருந்தால் இன்னும் நல்லது. இருக்கைக் குழாய் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஊடுருவும் எண்ணெயை விட்டு இரண்டு நாள் பொறுத்து எடுக்கக் கற்றுக்கொள்ளட்டும். அச்சுகளில் உருளும் எஃகுக் குண்டுகளை எல்லாம் கழற்றிக் கழுவிப் பூட்டட்டும். கழற்றும் ஒவ்வொரு படியையும் கைபேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். குபேகா போன்ற தொண்டு நிறுவனங்கள் சைக்கிள் வழங்குவதோடு மெக்கானிக்குகளையும் பழக்குகின்றன. பக்கத்தில் ஏதாவது நடக்கிறதா என்று விசாரியுங்கள்.

அம்லாங்கா: ஐயா, சான்றிதழ்...

இல்லை. கட்டாயம் இல்லை. பீனிக்ஸ், ஸ்டேங்கர், இப்போது அம்லாங்கா. கடற்கரை முழுக்கக் கேட்டாகிவிட்டது.

நியூலேண்ட்ஸ் வெஸ்ட்: சனிக்கிழமை ஒரு கடையில் சோதனை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அண்ணா. என்ன எதிர்பார்க்கலாம்?

பழைய சட்டை, மூடிய செருப்பு, மதியச் சாப்பாடு. கருவி எதையும் கொண்டுபோகாதே. பெரும்பாலும் அட்டைப்பெட்டியில் வந்த புது சைக்கிளைப் பூட்டச் சொல்வார்கள். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் பின்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கிறதா என்று முதலில் பார். அப்படியே ஹேண்டில்பாரைப் பூட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். முதல் மூன்று சுற்றைக் கையாலேயே ஏற்று. தொழிற்சாலையில் இறுக்கி அனுப்பியிருப்பார்கள் என்று நம்பி எந்த போல்ட்டையும் விட்டுவிடாதே. முடிந்ததும் நீயே ஓட்டிப் பார்க்கலாமா என்று கேள். டார்க் ரெஞ்ச் எங்கே இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்.