புத்தளத்திலிருந்து சேலம் வரை: மத்திய அலை கேள்வி பதில்

இலங்கையின் புத்தளத்திலிருந்து வரும் மத்திய அலை, அதாவது மீடியம் வேவ், சேலம், ஏற்காடு பக்கம் சாதாரண டிரான்சிஸ்டரில் எடுக்குமா, எவ்வளவு பலத்தில் எடுக்கும், அதை முன்கூட்டியே எப்படிக் கணிப்பது என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். சேலத்தில் பல வருடம் ரேடியோப் பெட்டிகளைப் பிரித்துப் பழுது பார்த்தவன் நான். இரவில் தூரத்து நிலையங்களைத் தேடிப் பிடிப்பது அதைவிடப் பழைய பழக்கம். வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன்.

அம்மாபேட்டையிலிருந்து: அண்ணா, புத்தளத்தின் 882 கிலோஹெர்ட்ஸ் இங்கே எவ்வளவு பலமாக வரும் என்று காகிதத்தில் கணக்குப் போட முடியுமா?

தாராளமாகப் போடலாம், தம்பி. கால்குலேட்டர்கூட வேண்டாம்.

ஒரு கிலோவாட் நிலையம், நல்ல தரையில் நின்றால், ஒரு கிலோமீட்டர் தள்ளி மீட்டருக்கு சுமார் 300 மில்லிவோல்ட் புலத்தைத் தரும். புலம் என்றால் காற்றில் இருக்கும் அலையின் பலம். இனி வெறும் மில்லிவோல்ட் என்று சொன்னாலும் மீட்டருக்கு என்றே பொருள். இது மனப்பாடமாக இருக்கட்டும். டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ என்ற கிறிஸ்தவ ஒலிபரப்பு நிறுவனம் நெடுங்காலம் பயன்படுத்திய புத்தளத்தின் 882-க்கு 400 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். புலம் சக்தியின் வர்க்கமூலத்தோடுதான் ஏறும். 400-க்கு வர்க்கமூலம் 20. ஆக ஒரு கிலோமீட்டரில் 6000 மில்லிவோல்ட். சேலத்துக்கும் புத்தளத்துக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 440 கிலோமீட்டர். 6000-ஐ 440-ஆல் வகுத்தால் 13.6 மில்லிவோல்ட். வழியில் எதுவுமே அலையைத் தின்னாவிட்டால் இவ்வளவு கிடைக்கும்.

ஆனால் தரை தின்னும். வரைபடத்தில் புத்தளத்தையும் சேலத்தையும் ஒரு நூலால் இணைத்துப் பாருங்கள். நூல் மன்னார் வளைகுடாவைக் கடந்து, ராமேசுவரம் தீவை ஒட்டி, பாக் நீரிணையில் இறங்கி, தொண்டி பக்கம் கரை ஏறும். அங்கிருந்து திருச்சிக்குச் சற்று மேற்கே போய்ச் சேலம் சேரும். பாதி வழி கடல், பாதி வழி தரை. உப்புத் தண்ணீரின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 5 சீமன்ஸ். நம் பக்கத்துக் காய்ந்த பாறை நிலத்துக்கு 0.001 முதல் 0.003 வரைதான் போடலாம். ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். கடல் பாதியில் அலை அதிகம் இழக்காமல் வந்துவிடும். தரை ஏறியதும் தேயத் தொடங்கும்.

அதையெல்லாம் சேர்த்தால் பகலில் சேலத்துக்கு 0.2 முதல் 0.6 மில்லிவோல்ட் வரை என்பது என் கணிப்பு. இது தோராயம்தான். துல்லியம் வேண்டுமானால் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.368 வளைவுகளை (தூரம் கூடக்கூடப் புலம் எப்படிக் குறையும் என்று காட்டும் வரைபடங்கள்) எடுத்து, கடல் துண்டையும் தரைத் துண்டையும் மில்லிங்டன் முறையில் சேர்க்க வேண்டும். அந்த முறையில் புத்தளத்திலிருந்து ஒரு தடவையும், சேலத்திலிருந்து தலைகீழாக ஒரு தடவையும் கணக்குப் போட்டு, டெசிபலில் (மடங்குக் கணக்கைக் கூட்டல் கழித்தலாக மாற்றித் தரும் அளவு) சராசரி எடுப்பார்கள்.

அதே தம்பி: 0.5 மில்லிவோல்ட் இருந்தால் கேட்குமா?

அமெரிக்காவில் கிராமப்புறச் சேவைக்கு 0.5 மில்லிவோல்ட்டை எல்லையாக வைத்திருக்கிறார்கள், ஊர்ப் பகுதிக்கு 2. சுமாரான கைப்பெட்டிக்கு அமைதியான இடத்தில் 1 மில்லிவோல்ட் இருந்தால் நிம்மதியாகக் கேட்கலாம். 0.5 என்றால் செய்தி புரியும், பாட்டு ரசிக்காது. உங்கள் அம்மாபேட்டை வீட்டுக்குள் பகலில் 0.5 என்பது கேட்காது என்றே சொல்வேன். காரணம் புத்தளம் இல்லை. உங்கள் வீட்டு எல்இடி பல்பும் போன் சார்ஜரும்தான்.

ஆத்தூரிலிருந்து: தூத்துக்குடி 1053 எங்களுக்குப் புத்தளத்தைவிடப் பக்கம், அதுவும் 200 கிலோவாட். பகலில் புத்தளத்தைவிட மந்தமாக இருக்கிறதே?

உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. சேலத்திலிருந்து தூத்துக்குடி 320 கிலோமீட்டர், ஆனால் அத்தனையும் தரை. அலைவரிசை கூடக்கூடத் தரை இழப்பும் கூடும். 882-ஐவிட 1053 அந்த வகையிலும் நஷ்டம். என் கணக்கில் அது 0.1 மில்லிவோல்ட்டைச் சுற்றித்தான் வருகிறது. மத்திய அலையில் மொத்தத் தூரத்தை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். அதில் எத்தனை கிலோமீட்டர் மண், எத்தனை கிலோமீட்டர் உப்புத் தண்ணீர் என்று பிரித்து எண்ண வேண்டும். தூத்துக்குடிக்கு இன்னொரு விஷயமும் உண்டு. அந்த நிலையமே கடல் தாண்டி இலங்கை நேயர்களுக்காக ஒலிபரப்புவது. அந்தப் பக்கம் போகும் அலைக்கு வழியெல்லாம் கடல். நமக்கு முதுகு காட்டி நிற்கிற நிலையத்திடம் இவ்வளவு கிடைப்பதே பெரிது.

ஏற்காடு, நாகலூரிலிருந்து: நாங்கள் கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். கீழே சேலத்தைவிட எங்களுக்குக் கூடுதலாக வரவேண்டும் அல்லவா?

பண்பலை என்றால் ஆமாம். அது நேர்பார்வையில் போகும், உயரம் இருந்தால் தூரம் கிடைக்கும். மத்திய அலை தரையைத் தழுவிக்கொண்டு வரும். 882-இன் அலைநீளம் 340 மீட்டர். அதற்கு உங்கள் மலை பெரிய மேடையும் இல்லை, பெரிய தடையும் இல்லை. அதுவும் சேர்வராயன் மலை முழுக்கச் சார்னோகைட் பாறை, மின்சாரத்தைக் கடத்துவதில் மோசமான தரை.

ஆனால் உங்களுக்கு வேறொரு வரம் இருக்கிறது. காபித் தோட்டத்துக்குள் மின்கம்பி இல்லாத இடத்தில் நின்று பெட்டியைத் திறந்து பாருங்கள். அந்த அமைதி சேலத்தில் எந்தத் தெருவிலும் கிடைக்காது. சிக்னல் அதேதான், இரைச்சல் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கீழே 2 மில்லிவோல்ட்டில் கேட்பதை நீங்கள் அரை மில்லிவோல்ட்டில் கேட்டுவிடுவீர்கள். நானே வெள்ளக்கடை பக்கம் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, சேலத்தில் மூச்சுகூட விடாத நிலையங்களைப் பகலில் கேட்டிருக்கிறேன். அந்த மகிழ்ச்சிக்காகவே அடிக்கடி மலை ஏறுகிறேன்.

வீட்டுக்கு மேலே தகரக் கூரை என்றால் வெளியே வந்துவிடுங்கள். கான்கிரீட் கட்டடம் என்றால் ஜன்னல் ஓரம்.

ஓமலூரிலிருந்து ஓர் ஆசிரியர்: ஐயா, இரவில் புத்தளம் பக்கத்து வீட்டில் பாடுவது போலக் கேட்கிறது. சூரியன் மறைந்தால் ஏன் இப்படி? மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

பகலில் வெயில் வானத்தின் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் டி அடுக்கை உண்டாக்குகிறது. மேலே போகும் மத்திய அலையை அது விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைகிறது. அப்போது அலை அதற்கும் மேலே, சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கும் ஈ அடுக்கில் பட்டுத் திரும்பி வருகிறது. வான்வழி வரும் அலைக்கு நம் பாறையைப் பற்றிக் கவலை இல்லை. 400 கிலோவாட்டுக்கு இரவில் 1 முதல் 3 மில்லிவோல்ட் வரை எதிர்பார்க்கலாம். ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும்.

மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள், இது நம் ஊருக்கே உரிய விஷயம். பூமியின் காந்த நடுக்கோடு தென் தமிழ்நாட்டை ஒட்டிப் போகிறது. அதனால்தான் திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. காந்த நடுக்கோட்டுக்கு அருகே கிழக்கு மேற்காக வரும் மத்திய அலை, அயனி மண்டலத்தோடு (மேலே சொன்ன அடுக்குகளுக்குப் பொதுப்பெயர்) சரியாகச் சேராமல் பெரும் பங்கை இழந்துவிடும். ஒவ்வொரு முனையிலும் 20 டெசிபலுக்கு மேல்கூடப் போகலாம். தெற்கு வடக்காக வரும் அலைக்கு அந்த இழப்பு ஒன்றிரண்டு டெசிபல்தான். புத்தளம் நமக்குத் தென்கிழக்கில், தெற்கை ஒட்டியே இருக்கிறது. ஆகவே நமக்கு யோகம். இதே தூரத்தில் நேர் கிழக்கே ஒரு நிலையம் இருந்தால் இரவில் இவ்வளவு வராது. வேறு நாட்டுப் புத்தகத்தில் இருக்கும் இரவு வளைவை அப்படியே எடுத்துப் போட்டால் நம் ஊரில் தப்பாகப் போவது இதனால்தான்.

வாழப்பாடியிலிருந்து: திருச்சி 936 பகலில் கணீரென்று இருக்கிறது, இரவில் குழைகிறது. பெட்டி பழுதா?

இல்லை. உங்களுக்கும் திருச்சிக்கும் 100 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் இரவில் தரை அலையும் வான் அலையும் கிட்டத்தட்டச் சமபலத்தில் வந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பெட்டியை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், சில கோணங்களில் குழைவு குறையும்.

மேட்டூரிலிருந்து: என்னிடம் டிஇஎஃப் 6686 சிப் வைத்த பெட்டி இருக்கிறது. திரையில் சிக்னல் பலம் 32 என்று காட்டுகிறது. அதை மில்லிவோல்ட்டாக மாற்றுவது எப்படி?

நேராக மாற்ற முடியாது. திரையில் வருவது சிப்பின் வாயிலுக்கு வந்த மின்னழுத்தம், டெசிபல் கணக்கில். காற்றில் இருக்கும் புலம் வேறு. நடுவில் ஆண்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பியோ வளையமோ எவ்வளவு எடுத்துக் கொடுக்கிறது என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும்.

ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அது அருமையான கருவி. பகலில், மின்கம்பி இல்லாத வெட்டவெளியில், தூரமும் சக்தியும் தெரிந்த நிலையம் ஒன்றை எடுங்கள். திருச்சி 936 என்றால் 100 கிலோவாட். மேலே சொன்ன கணக்கில் அதன் புலத்தைக் கண்டுபிடித்து, திரை எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அதிலிருந்து எண் குறையும் ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் புலம் பாதி. 20 டெசிபலுக்குப் பத்தில் ஒன்று. 1 மில்லிவோல்ட் என்பது 60 டெசிபல் மைக்ரோவோல்ட் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நிலையமே இல்லாத ஓர் இடைவெளிக்குப் போய் அங்கே வரும் எண்ணையும் எழுதுங்கள், அதுதான் உங்கள் இரைச்சல். சிக்னல் அதைவிட 20 டெசிபல் மேலே இருந்தால் சந்தோஷமாகக் கேட்கலாம். பத்துக்குக் கீழே போனால் காது வலிக்கும்.

இளம்பிள்ளையிலிருந்து: கஞ்சமலை முழுக்க இரும்புத் தாது. அது அலையை இழுத்துக்கொள்கிறதா?

இல்லைங்க. காந்தக் கல் திசைகாட்டியைத் திருப்பும், ரேடியோ அலையை உறிஞ்சாது. மலையின் நிழலில் கொஞ்சம் குறையலாம், சிறிது தூரம் தள்ளினால் சரியாகிவிடும். உங்கள் ஊரில் நான் சந்தேகப்படுவது தறி மோட்டார்களையும் அவற்றின் மின்கம்பிகளையும். தறி நிற்கும் நேரத்தில் ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சங்ககிரியிலிருந்து: புது டிஜிட்டல் பெட்டி 880, 890 என்றுதான் தாவுகிறது. 882 நிற்கவே மாட்டேன் என்கிறது.

அமெரிக்கக் கணக்கான 10 கிலோஹெர்ட்ஸ் படியில் இருக்கிறது. நம் பகுதியில் 1978 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் படி. 882, 936, 1053 எல்லாமே ஒன்பதின் மடங்கு. பெட்டியில் 9/10 மாற்றும் வசதி இருக்கும், கூட வந்த காகிதத்தைப் பாருங்கள்.

ஏற்காட்டிலிருந்து: அண்ணா, மரத்துக்கு மரம் நீளமாகக் கம்பி கட்டலாமா?

இடி விழும் மலையில் அதை நான் சொல்ல மாட்டேன்மா. சித்திரை, வைகாசிக் கோடை இடியும் ஐப்பசி இடியும் உங்களுக்குத் தெரியாததா.

அதற்குப் பதில் வளைய ஆண்டெனா செய்யுங்கள். இரண்டடிக்கு இரண்டடி மரச்சட்டம். அதன் மேல் சாதாரண ஒயரை ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் பதினொரு சுற்று சுற்றுங்கள். இரண்டு முனைகளையும் பழைய ரேடியோவின் கேங் கண்டென்சரில் (நிலையம் மாற்றத் திருப்புவோமே, அந்தப் பாகம்) சேர்த்துவிடுங்கள். பெட்டியோடு எந்த இணைப்பும் வேண்டாம், பக்கத்தில் வைத்தால் போதும். கேங்கைத் திருப்பும்போது ஓரிடத்தில் நிலையம் திடீரென்று எழுந்து வரும்.

வளையம் இல்லாவிட்டாலும் பெட்டியைச் சரியாக வைப்பதே பாதி வெற்றி. உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பியின் நுனி நிலையத்தைப் பார்க்கக் கூடாது, பக்கவாட்டுதான் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் என்று குழம்பினால் பகலில் திருச்சியை வைத்துக்கொள்ளுங்கள். நம் இடத்திலிருந்து திருச்சியும் புத்தளமும் ஏறக்குறைய ஒரே திசை. திருச்சி உச்சமாக வரும்படி பெட்டியை வைத்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். இரவில் அதே கோட்டில் 882-ஐத் திருப்புங்கள்.

அதே தங்கை: எப்போது கேட்டால் நல்லது?

விடிகாலை ஐந்து மணி. வானம் இன்னும் இருட்டாக இருக்கும், இடி அடங்கியிருக்கும், பாதி வீடுகளில் விளக்கு எரியாது. எலிமினேட்டரைக் கழற்றிவிட்டுக் கட்டை பேட்டரியில் கேளுங்கள்.