வாசகர் கேள்விகள்: மண்டேலாவின் மன்னிப்பும் நிபந்தனைகளும்

மண்டேலா எல்லோரையும் மன்னித்துவிட்டார் என்கிறார்களே, கொலை செய்த போலீஸ்காரர்களுமா தப்பினார்கள்? (தேனி வாசகர்)

மன்னிப்பு அவ்வளவு மலிவாகக் கிடைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் வெள்ளையரின் நிறவெறி ஆட்சி முடிந்தபின், 1995-ல் சட்டம் போட்டு, பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைத்தார்கள். மன்னிப்பு வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் தனித்தனியாக மனுப் போட வேண்டும். செய்த குற்றம் 1960 மார்ச் 1-க்கும் 1994 மே 10-க்கும் இடையில் நடந்திருக்க வேண்டும். அரசியல் நோக்கம் இருந்திருக்க வேண்டும். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். கொலை, சித்திரவதை என்றால் விசாரணை ஊரறிய நடக்கும். பாதிக்கப்பட்ட குடும்பம் அங்கே வந்து எதிர்க்கலாம்.

மனுப் போட்டவர்கள் 7,112 பேர். மன்னிப்புப் பெற்றவர்கள் 849 பேர்தான். சாதாரணக் குற்றங்களுக்காகச் சிறையிலிருந்த பலரும் 'கிடைத்தவரை லாபம்' என்று மனுப் போட்டதும் இதற்கு ஒரு காரணம். 1977-ல் நிறவெறியை எதிர்த்த கறுப்பினத் தலைவர் ஸ்டீவ் பிக்கோ போலீஸ் காவலில் இறந்த வழக்கில், அது கைகலப்பில் நேர்ந்த விபத்து என்றே போலீசார் சாதித்தார்கள். குற்றத்தையே ஒப்புக்கொள்ளாதவருக்கு எதற்கு மன்னிப்பு? மறுத்துவிட்டார்கள். 1993-ல் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கிறிஸ் ஹானியைக் கொன்ற இருவருக்கும் அதே கதி.

இந்த ஏற்பாடு மண்டேலாவின் பெரிய மனதில் மட்டும் பிறந்ததல்ல. ராணுவமும் போலீசும் அன்று பழைய ஆட்சியின் கையில் இருந்தன. 1993-ன் இடைக்கால அரசியல் சட்டத்திலேயே பேரம் பேசி எழுதிக்கொண்ட வாக்குறுதி இது. கோட்டைவிட்ட இடம் வேறு. மன்னிப்புக் கிடைக்காதவர்கள் மீதும், மனுவே போடாதவர்கள் மீதும் வழக்கு நடத்தியிருக்க வேண்டும். ஒன்றிரண்டைத் தவிர நடத்தவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு ஆண்டுகள் உதவித்தொகை கொடுக்கச் சொன்னது ஆணையம். 2003-ல் அரசு கொடுக்க முன்வந்தது ஒரே தடவையாக 30,000 ராண்ட். மன்னிப்புப் பெற்றவர் மீது நஷ்டஈட்டு வழக்கும் போட முடியாது என்பதால், அந்தக் குடும்பங்களின் கோபம் நியாயமானதே.

'நம் ஆழ்ந்த பயம், நாம் திறமையற்றவர்கள் என்பதல்ல' என்று பதவியேற்பு விழாவில் மண்டேலா பேசியதாக வாட்ஸ்அப்பில் வருகிறதே? (கரூர் வாசகர்)

பேசவில்லை. அது 1992-ல் வந்த ஓர் அமெரிக்க நூலின் வரி. 1994 மே 10 அன்று பிரிட்டோரியாவில் அவர் ஆற்றிய பதவியேற்பு உரை சிறியதுதான். பத்து நிமிடத்தில் படித்துச் சரிபார்க்கலாம்.

1985-ல் விடுதலை தருகிறோம் என்றபோது ஏன் மறுத்தார்? (திருநெல்வேலி வாசகர்)

வன்முறையைக் கைவிடுவதாக உறுதியளித்தால் விடுவிப்போம் என்று ஜனவரி 31 அன்று அதிபர் போத்தா நாடாளுமன்றத்தில் அறிவித்தார். பிப்ரவரி 10 அன்று கறுப்பர் குடியிருப்பான சோவேட்டோவின் ஜபுலானி மைதானத்தில் மகள் ஜின்ட்ஸி அப்பாவின் பதிலைப் படித்தார். என் கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுக்குத் தடை நீடிக்கிறது, கறுப்பர்களுக்குச் சொந்த நாட்டில் நடமாடவே பாஸ் (அனுமதிச் சீட்டு) வேண்டும். இதில் எனக்கு மட்டும் என்ன விடுதலை என்பது அதன் சாரம். சுதந்திரமானவர்களே பேச்சுவார்த்தை நடத்த முடியும், கைதி ஒப்பந்தம் போட முடியாது என்றும் அதில் இருந்தது.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே ஆண்டின் கடைசியில், அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தபோது, நீதித்துறை அமைச்சர் வந்து பார்த்தார். சிறைக்குத் திரும்பியதும் தோழர்களிடமிருந்து பிரித்துத் தனியே வைத்தார்கள். அதையே வசதியாக்கிக்கொண்டு, யாரையும் கேட்காமல் அரசோடு ரகசியப் பேச்சுக்கு வழி தேடினார் மண்டேலா. கேட்டிருந்தால் தடுத்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். என் பார்வையில், மறுப்பைவிட இதுதான் துணிச்சல். பேச்சு முறிந்திருந்தால் துரோகி என்ற பெயர்தான் மிஞ்சியிருக்கும்.

ஒரே தவணையோடு ஏன் விலகினார்? (தஞ்சாவூர் வாசகர்)

1996 அரசியல் சட்டம் இரண்டு தவணை அனுமதித்தது, நின்றிருந்தால் வென்றிருப்பார். ஆனால் 1999-ல் அவருக்கு வயது 80. கட்சித் தலைமையை 1997 டிசம்பரிலேயே துணை அதிபர் தபோ எம்பெக்கியிடம் கொடுத்துவிட்டார். அன்றாட நிர்வாகத்தையும் பெரும்பாலும் எம்பெக்கியே பார்த்துவந்தார். எய்ட்ஸ் வேகமாகப் பரவிய ஆண்டுகள் அவை. அதற்குப் போதிய கவனம் கொடுக்கவில்லை என்ற குறை மண்டேலா ஆட்சியின் மீது உண்டு. எம்பெக்கி காலத்தில் நிலைமை இன்னும் மோசமானது: எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணமா என்றே அதிபர் சந்தேகம் கிளப்பினார், அரசு மருத்துவமனைகளில் மருந்து தாமதமானது. ஓய்வுபெற்ற மண்டேலா 2002-ல் இதை வெளிப்படையாகவே எதிர்த்துப் பேசினார்.